உன் குடத்துல பேய்க்கணவாய்

மெல்லிதா,
கெர்கென்னா தீவு.

என் ஸல்ஹாவுக்கு உன் தாஹர் ஸலாம் சொல்லிக்கிறேன். நீயும் மக நயீமாவும் மருமகனும் பேரனும் சுகமா இருக்கணும். இதை மககிட்ட கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, எழுத்துக்கூட்டி நீயே படி. போன்ல பேசலாம்னா, கடையில பாதி ஊரு காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது.

பேறுகாலம் பார்க்கத்தானே கடல் தாண்டி மார்செய் போனே? பேரன் நடக்கவே ஆரம்பிச்சுட்டானாமே! அவன் நடந்தே இங்க வந்துருவான் போல. உன்னைத்தான் காணோம்.

இங்க ஒரு கூத்து. பேய்க்கணவாய் பிடிக்கச் சட்டிங்களைக் கயித்துல கோத்தேனா, ஒண்ணு உடைஞ்சுபோச்சு. ஜன்னல்ல சும்மா கெடந்த உன் தண்ணிக் குடத்தைக் கட்டி இறக்கிட்டேன். கத்தாதே, மீதியைக் கேளு. இழுத்துப் பார்த்தா மத்ததெல்லாம் காலி. உன் குடத்துல மட்டும் ஒருத்தி எட்டுக் காலையும் மடக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. கொஞ்சம் உப்பு போட்டா வெளிய வந்திருப்பா. எனக்குக் கை வரல. காலி வீடுன்னு நம்பி வந்தவளை எப்படி வெரட்டுறது? குடத்தோட திருப்பிக் கடல்ல இறக்கிட்டேன். பக்கத்துப் படகு லாமீன் பய, என்ன தாஹர் மாமா, வீட்டை வாடகைக்கு விட்டுட்டியான்னு கேட்டான். உன் மாமியாரை அனுப்புடா, இன்னும் நெறைய சட்டி காலியா இருக்குன்னேன்.

குஸ்குஸ் நானே ஆக்குறேன். பூனை மோந்து பார்த்துட்டு அடுத்த வீட்டுக்குக் குடி போயிருச்சு.

ஸ்ஃபாக்ஸ் கரையிலேருந்து கப்பல் வர்ற நேரம் துறைக்குப் போவேன். காப்பிக்கடை புபக்கர், என்னய்யா, நீ வந்து நின்னாத்தான் கப்பல் கரை சேருமான்னு கேக்குறான். ரொட்டி வாங்க வந்தேன்னு சொல்வேன். துறையில ரொட்டிக்கடை கெடையாதுன்னு அந்தப் பாவிக்கும் தெரியும்.

நயீமா எழுதியிருந்தா. அம்மா இனி இங்கயே இருக்கட்டும், நீங்களும் வீட்டைப் பூட்டிட்டு வாங்கன்னு. நல்ல புள்ள, நல்லதுக்குத்தான் சொல்றா. ஆனா மார்செய்ல உக்காந்து நான் யாரைக் கிண்டல் பண்றது? அவனுக பாஷையில எனக்குத் திட்டக்கூடத் தெரியாது. அந்தக் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதுல நீ சொன்னதா ஒரு சொல்லு இல்ல. மக உன்னைக் கேட்டுத்தான் எழுதினாளா?

வர்றதா இருந்தா எந்தக் கப்பல்னு எழுது. வரலைன்னா, அதை மட்டும் எழுதாதே ஸல்ஹா. பேரனுக்குச் சளி, குளிர் விடட்டும்னு ஏதாவது எழுது. நான் நம்பிக்குவேன். உன் தம்பி சொன்னதையெல்லாம் இத்தனை வருஷமா நம்பலையா?

அல்லாஹ் உன் முழங்காலுக்குப் பலத்தைக் கொடுக்கட்டும். கப்பல் படி ரொம்பச் செங்குத்து.

உன் கெழவன்,
தாஹர்