ஊறியதும் முளைத்ததும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், அவருடைய முட்டிவலி மட்டும் போவேனா என்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். சித்தப்பாவை மன்னித்துவிடு என்று எழுதியிருந்தாய், உனக்குப் பெரிய மனசு, அது அப்பா வழியில் வந்தது, என் வழியில் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அந்த விதைக் கம்பெனியில் ஈரத்தாளில் நூறு விதையை வரிசையாக வைத்து எத்தனை முளைத்தது என்று எண்ணிச் சொன்னவள் நான். வேரும் வரவேண்டும், தளிரும் வரவேண்டும், அப்போதுதான் முளைத்தது என்று எழுதுவேன். தண்ணீர் பட்டால் செத்த விதைகூட உப்பும், அது முளைத்ததாகாது. நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் மேனேஜரான உன் சித்தப்பா பன்னிரண்டு நாள் பொறுக்காமல், நான் வைத்திருந்த தட்டை நாலாம் நாளே பார்த்து, ஊறினதையெல்லாம் சேர்த்து எண்ணி, வெங்காய விதைப் பொட்டலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு முளைக்கும் என்று அச்சடித்துவிட்டார். விதைத்தவர்கள் வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தபோது, பாவம் அண்ணிக்குக் கண்ணு மங்கிப்போச்சு, தப்பா எண்ணிட்டாங்கன்னு எல்லார் முன்னாலும் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

அவர் சுபாவம் அன்றைக்கும் அதுதான். கைக்குழந்தையாக இருந்த உன் ஈறு வெளுத்ததைப் பார்த்துவிட்டு, பல் முளைச்சாச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். நான் ஸ்பூனால் தட்டிப் பார்த்தேன், சத்தமே வரவில்லை, பல் வர இன்னும் மூன்று வாரம் ஆனது. அன்று சிரித்தேன், இப்போது சிரிக்க மாட்டேன். விதை விஷயத்தில் அவர் ஒன்றை மறந்துவிட்டார். சோதனைக்கு வரும் ஒவ்வொரு விதை மாதிரியிலும் பாதியை என் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்து அலமாரியில் வைப்பது என் வழக்கம். புகாரை விசாரிக்க வந்த ஆய்வாளர் அம்மா என்னை வீட்டிலிருந்து வரவழைத்து, அதைப் பிரித்து, மறுபடி என்னையே ஈரத்தாளில் வைக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் சித்தப்பா பக்கத்தில் வந்து, அண்ணி, நல்லா ஊறியிருக்கே, முளைச்ச மாதிரிதானே, நம்ம குடும்பம் பாருங்க என்று முணுமுணுத்தார். எனக்குத்தான் கண்ணு மங்கலாச்சே தம்பி, பன்னிரண்டாம் நாள் நீங்களே எண்ணிச் சொல்லுங்க என்றேன்.

எண்ணினார். அன்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். முப்பத்தெட்டோடு நின்றது. சரியாகக் காதில் விழவில்லை, முதலிலிருந்து எண்ணுங்கள் என்றேன். மறுபடி எண்ணினார். ஆய்வாளர் அம்மா எழுதிக்கொண்டார். இரண்டாம் தடவை வேண்டியிருக்கவில்லை என்று உன் அப்பா இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு வேண்டியிருந்தது.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. சித்தப்பா உனக்குப் போன் செய்வார், வைத்துவிடாதே, மரியாதையாகப் பேசு. முதலில் எத்தனை முளைத்தது என்று கேள். அவர் வாயால் சொன்ன பிறகு சுகமா என்று கேள்.

இப்படிக்கு,
கண் நன்றாகத் தெரிகிற உன் அம்மா