பயிர் கலைத்த நாள்

மானகிரி,
கார்த்திகை 14

அன்புள்ள உங்களுக்கு,

மாசியில் அறுவடை முடிந்ததும் கோயம்புத்தூருக்கே வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். முடியாது போலிருக்கிறது.

வழக்கமாக ஒரு மக்காச்சோளச் செடி நிற்கும் இடத்தில் இரண்டு நின்றாலும் குறையாமல் கதிர் பிடிக்கும் வீரிய ஒட்டு ரகத்தைத்தான் இந்த ஆராய்ச்சிப் பண்ணையில் நாங்கள் தேடுகிறோம். அதற்காகவே நெருக்கி விதைத்த பன்னிரண்டு பாத்திகளிலும், களையெடுக்க வந்த ராமுத்தாய் ஒன்றுவிட்டு ஒன்றாகச் செடிகளைப் பிடுங்கிவிட்டாள். இந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் பயிர் கலைப்பார்கள்.

"ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டு நின்னுச்சுக டாக்டரம்மா. நல்லதுன்னுதான் செஞ்சேன், வையாதீக," என்றாள்.

நான் வையவில்லை. மழை விட்டு, தையில்தான் மறுபடி விதைக்க முடியும். அறுவடைக்குச் சித்திரை ஆகிவிடும்.

தீபாவளிக்கு வந்தபோது உங்கள் கட்டில் நம் அறையிலிருந்து மாடி அறைக்குப் போயிருந்தது. ஏன் என்று கேட்க நினைத்தேன். நீங்கள் காபி கொடுத்தீர்கள், குடித்துவிட்டேன்.

இங்கே சாயங்காலம் ஆட்களெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு, பேச ஆளில்லாமல் அந்தப் பாத்திகளின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். செடிகள் இலையோடு இலை உரசிக்கொண்டு நிற்கும். இப்போது அதுவும் இல்லை.

அலுவலகத்துக்கு, நான் ஊரில் இல்லாத நேரத்தில் நடந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ராமுத்தாய் முதல் பாத்தியில் கை வைத்தபோது நான் வரப்பில்தான் நின்றிருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்தியிருப்பாள்.

பன்னிரண்டாம் பாத்தி முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி