‘பார்க்கலாம்’ என்றார் மருந்துக்கடை

டிசம்பர் 18

இந்த விடுமுறைக்கு ஐந்து படங்கள் வருகின்றன. ஐந்தின் ட்ரெய்லரையும் இன்று மதியமே பல் லேபில் பார்த்து முடித்தேன் – ஒரு கையில் மெழுகு, ஒரு கையில் போன். வாள் படம், பேய் படம், அப்பா-மகன் படம், போலீஸ் படத்தின் மூன்றாம் பாகம், ஏதோ ஒரு நடனப் படம். போலீஸ் ட்ரெய்லரில் கதாநாயகர் ஏழு முறை விருட்டென்று திரும்பிப் பார்க்கிறார். அந்தக் கழுத்து என்னத்துக்கு ஆகும்?

வாள் படம் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கதையாம். உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு ஒரு படைவீரன் வாயைத் திறந்து கத்துகிறான். உள்ளே பால் வெள்ளையில் பீங்கான் பல் வரிசை. பதினெட்டு வருடமாகப் பல் செட் செய்கிறவள் கண்ணில் இது படாமல் போகுமா? என்னைப் போல எவளோ ஒருத்தி குனிந்த தலை நிமிராமல் செய்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே செய்திருக்கிறாள்.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா தியேட்டருக்கு வருவதே இல்லை, ட்ரெய்லரே போதும் என்பாள். "அண்ணன் செத்துடுவான், தம்பி பழி வாங்குவான். முடிஞ்சுது. தட்டை எடு."

டிசம்பர் 20

வாள் படம், மதியக் காட்சி, மருந்துக்கடையோடு.

மருந்துக்கடை என்று நான் எழுதுவது கடையை அல்ல, ஆளை. லேபுக்குக் கீழே இருப்பவர். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போய் ஆரம்பித்த பேச்சு, நான்கு வருடமாக எந்த விடுமுறைப் படத்தையும் சேர்ந்துதான் பார்க்கிறோம். மனைவி இறந்து எட்டு வருடம். பேச்சையும் மாத்திரை போல எண்ணித்தான் கொடுப்பார். நான் அதற்கு நேர்மாறு. படம் முடிந்து பஸ் நிறுத்தம் வரும்வரை என் வாய் ஓயாது. இன்றும் அப்படித்தான்: இடைவேளை வரை சண்டை, இடைவேளைக்குப் பிறகு அதே சண்டை மழையில். நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். லேப் ஜனவரி 18ஆம் தேதி ஊரின் மறுகோடிக்கு மாறுகிறது. இனிமேல் படி இறங்கினால் அவர் முகம் இருக்காது. கேட்க வேண்டியதை ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். பஸ் வரும் சத்தம் கேட்டதும் தைரியம் வந்துவிட்டது – வந்தால் ஏறிவிடலாம் அல்லவா. கேட்டே விட்டேன். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? லேப் மாறுறதுக்கு முன்னாடி ஒரு முடிவு தெரிஞ்சா நல்லது."

அவர் என்னைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"பார்க்கலாம்" என்றார்.

டிசம்பர் 21

பார்க்கலாம். என்னத்தைப் பார்க்கலாம்?

டிசம்பர் 23

எனக்குத் தெரிந்த பார்க்கலாம்கள்:

குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்றதும் வீட்டுக்காரர் சொன்ன பார்க்கலாம். இரண்டு வருடம் ஆகிறது, இதை எழுதும்போதும் சொட்டுகிறது. லேப் முதலாளியிடம் புது நாற்காலி கேட்டபோது அவர் சொன்னது. என் முதுகைத்தான் கேட்க வேண்டும். எனக்கு இருபத்தாறு வயதில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினேழு வருடமாக இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு முடியாது என்பதைத் தவிர வேறு அர்த்தம் உண்டா? முடியாது என்றே சொல்லியிருக்கலாம். வாய் வலிக்குமா?

இன்னொன்று. கடைக் கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ‘ஜனவரி 17 கடை விடுமுறை.’ எனக்குத் தெரிந்து ஜுரத்தோடு கூடக் கடை திறந்த மனிதர். எங்கே போகிறாராம்? என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. எனக்கென்ன.

டிசம்பர் 26

பேய் படம். டிக்கெட் முன்பே எடுத்தாயிற்று, போகாமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று போனேன். பேய்க்குக் கோரைப்பல் வைத்திருக்கிறார்கள், மேல்வரிசை கீழ்வரிசையோடு பொருந்தவே இல்லை. அந்தப் பல்லை வைத்துக்கொண்டு ரொட்டி கூடக் கடிக்க முடியாது, கழுத்தை எங்கே கடிப்பது?

பேய் முதன்முதலாக வந்தபோது தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குறட்டை. மருந்துக்கடை! முன்வரிசையில் சிரித்தே விட்டார்கள். வெளியே வந்து படம் எப்படி என்றேன். கூசாமல் "நல்லா இருந்துச்சு" என்கிறார்.

நான் கேட்டதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. என்னதான் நினைச்சிட்டு இருக்காரு? நான் கேட்டது மழை வருமான்னா? குடை கொண்டு வந்தீங்களான்னு அவ்வளவு அக்கறையா விசாரிக்கிறாரு. கொண்டு வரல. அவர் குடையிலேயே வந்தேன். அதுவும் பாதிக்கு மேல என் பக்கம் பிடிச்சிட்டு அவர் தோள் பூரா நனைஞ்சு – இதையெல்லாம் ஏன் செய்யணும் ஒரு மனுஷன், வேண்டாம்னா?

டிசம்பர் 27

பழைய நாட்குறிப்புகளை எடுத்து உட்கார்ந்தேன். தூங்கிக்கொண்டே பார்த்த படத்துக்கு ‘நல்லா இருந்துச்சு’ என்றால், மற்றதற்கெல்லாம் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டுமே.

கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் நல்லா இருந்துச்சுதான். மகா மட்டமான படங்களுக்கும் அதேதான். பார்க்கலாம் என்று சொன்னது மூன்றே மூன்று படத்துக்கு. அதில் ஒன்று இரண்டு வருடத்துக்கு முன் பார்த்த நாய் படம். அன்று நான் எழுதியிருப்பது: ‘தொலைந்த நாய் வீட்டைத் தேடி வருகிறது. நான் அழுது கைக்குட்டை பிழிந்தேன். மருந்துக்கடையைக் கேட்டால், பார்க்கலாமாம். கல்நெஞ்சம். நான் அடுத்த வாரப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.’

மற்ற இரண்டும் எனக்குப் பிடித்த படங்கள்தான். அவருக்குச் சுமாராகத்தான் பட்டிருக்கிறது. நானும் சுமார்தான் போல.

டிசம்பர் 29

அம்மா இன்று மாத்திரை வாங்க அவளே போனாள். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தாள்.

நாய் படம் டிவியில் வரப்போகிறதாம், ட்ரெய்லர் போட்டார்களாம். நாய் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடும்தானே என்று மருந்துக்கடையிடம் கேட்டிருக்கிறாள். அவர் கதையைச் சொல்லவில்லையாம். மூன்று தடவை பார்த்தேன், நீங்களும் பாருங்கள் என்றாராம். முதல் தடவை என்னோடு, மற்ற இரண்டும் தனியாக. ஏன் தனியாக என்று அம்மா விடாமல் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னதை அம்மா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்:

"பார்க்கலாம்னு அவங்ககிட்ட சொன்னேம்மா. எப்போன்னு அவங்க கேட்கவே இல்ல."

மூன்று படத்துக்கும் அப்படித்தானாம். இன்னொரு தடவை சேர்ந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறார். நான் அதை மதிப்பெண் என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த படத்துக்குத் தாவியிருக்கிறேன். அவர் தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

அப்படியானால் பஸ் நிறுத்தத்தில் சொன்னது?

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் அசரவில்லை. "நான் ட்ரெய்லர் மட்டும் பார்க்கிறேன்னு கேலி பண்றியே, நீ அந்த மனுஷனோட ட்ரெய்லரைக்கூட ஒழுங்காப் பார்க்கலடி."

டிசம்பர் 30

லேபுக்குப் போகும் முன் கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊரில் உள்ள எல்லாவற்றையும் பேசுகிற எனக்கு இன்று ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"எப்போ?"

எது என்று அவர் கேட்கவில்லை. துடைக்கிற துணியாலேயே கதவைக் காட்டினார். ஜனவரி 17 கடை விடுமுறை.

"லேப் மாறுறதுக்கு முன்னாடின்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார்.

எப்போது ஒட்டினீர்கள் என்றேன். நான் கேட்டதற்கு மறுநாளாம். பதிவு அலுவலகத்திலும் அந்தத் தேதிக்கே நேரம் கேட்டு வைத்திருக்கிறார். அந்தத் தாளுக்குக் கீழே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே" என்றார். உண்மையிலேயே புரியாமல் சொன்னார், பாவம். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது.

ஜனவரி 3

அப்பா-மகன் படம். முதல் பாதி அப்பா பேசவில்லை, இரண்டாம் பாதி மகன் பேசவில்லை. வெளியே வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தம் வரை சிரித்தோம்.

ஜனவரி 17

கடை விடுமுறை.

பிப்ரவரி 1

புது லேபுக்கு ஒரு மணி நேரப் பயணம். நாற்காலி அதே நாற்காலிதான். குளியலறைக் குழாயை, எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே அவர் கழற்றிப் பூட்டிவிட்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

இன்று பிற்பகல் டிவியில் நாய் படம். நடுவில் அடுத்த விடுமுறைப் படங்களின் ட்ரெய்லர்கள்: போலீஸ் நான்காம் பாகம், கழுத்து இன்னும் தாக்குப்பிடிக்கிறது. ட்ரெய்லரோடு எழுந்துவிடுவேன் என்ற அம்மா கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்திலேயே அசல் பல் நாய்க்கு மட்டும்தான் என்று நான் சொன்னதை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

நாய் வாசலுக்கு வந்து கதவைப் பிராண்டியபோது பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கல்நெஞ்சம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தது. அது அவருக்கு நான்காவது தடவை.

படம் எப்படி என்று இந்த முறை அவர் கேட்டார். எனக்குச் சொல்ல ஒரு பக்கம் இருந்தது. சொல்லவில்லை.

"பார்க்கலாம்" என்றேன்.

"எப்போ?" என்றார்.