வளைவில் பிடித்த பிரேக்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இந்த முதலாளியோடு மாரடிக்க முடியவில்லை. டிவியில் கார் ரேஸ் பார்த்த சூட்டில், டிரைவர் சீட்டில் இருந்த என்னிடம், "தள்ளி உட்காரு, நான் ஓட்டுறேன்" என்றார். 

"வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடிங்க சார்!"

"எனக்கே சொல்லித் தர்றியா?" 

வளைவிலேயே பிடித்தார். கார் வழுக்கிப்போய்ச் சுவரில் முட்டியது. எனக்கு மணிக்கட்டில் சின்னக் கட்டு, அவ்வளவுதான். 

"யாராவது கேட்டா நீ ஓட்டினதா சொல்லிடு." 

மாட்டேன் என்றேன். அப்படியொரு வளைவை நான் எடுத்தேன் என்றால் மானம் போகாதா, அப்பா? 

அதிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இங்கே பேச வேறு ஆளும் இல்லை.

நம் காரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யுங்கள், பேட்டரி இறங்கிவிடும். அப்போது எனக்குப் போன் போட்டு எஞ்சின் பக்கம் பிடியுங்கள். உடனே வைத்துவிடாமல் நீங்களும் ஏதாவது பேசுங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார். கவலை வேண்டாம், இப்போது நான்தான் ஓட்டுகிறேன்.

உங்கள் மூத்தவன்