நீங்கள் குடிக்காத பீடி

அண்ணே,

இன்று காலை மாரிகுப்பம் ரயிலில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வாயில் கிராம்பு மென்றுகொண்டிருந்தார். அதையும் மீறிச் சட்டையிலிருந்து பீடி வாசனை வந்தது. பங்காருபேட்டை வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனேன். கிராம்பை மென்றபடி டூட்டிக்கு வருகிற உங்கள் முகம், இத்தனை வருஷம் கழித்தும், அப்படியே வந்து நின்றது.

அறுபதுகளின் தொடக்கத்தில் தங்கச் சுரங்கத்தின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்தபோது நீங்கள் நெஞ்சுநோய் வார்டில் ஆண் நர்ஸ். சுரங்கத்தில் பாறையைத் துளைத்துத் துளைத்து நெஞ்சு நிறையத் தூசி சேர்ந்தவர்கள்தான் அங்கே கிடந்தார்கள். பீடியைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்வது நம் வேலை. சொல்லிவிட்டு நீங்களும் வார்டு ஆட்களும் துணி அறைக்குப் பின்னால் போய்ப் பற்றவைப்பீர்கள். பெரிய டாக்டர் அப்படி ஒதுங்குவதும் கிடையாது. ரவுண்ட்ஸ் வரும்போதே விரலிடுக்கில் சிகரெட் புகையும். சாம்பல் தட்டுவதற்கு நான் ட்ரேயை நீட்டிக்கொண்டு பின்னாலேயே நடப்பேன்.

பெருமாளை மறந்திருக்க மாட்டீர்கள். படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார். ஒரு சாயங்காலம் அவருக்கு முதுகு துடைத்துவிட்டு நீங்கள் எழுந்தீர்கள்.

“அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே உக்காருங்க.”

“இன்னாப்பா, மூச்சு முட்டுதா?”

“இல்லண்ணே. பீடிதான் குடிக்கக் கூடாதுன்னுட்டீங்க. உங்க மேல அடிக்கிற வாசனையாவது வரட்டும்.”

நீங்கள் மறுபடி உட்கார்ந்தீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கிடைத்த கொஞ்சம் மூச்சையும் அதற்கே செலவழித்தார். அந்த வாரமே போய்விட்டார். அவர் கட்டிலைக் கழுவிய அன்று உங்கள் பையிலிருந்த பீடிக்கட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டீர்கள். அப்புறம் சில மாதங்கள் உங்களோடு வேலை செய்வது எளிதாக இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தீர்கள். ஆனால் மறுபடி தொடவில்லை.

நீங்களாகத்தான் பெரிய டாக்டரிடம் போனீர்கள். “வார்டுக்குள்ள யாருமே குடிக்கக் கூடாது சார். நாங்களும்தான், நீங்களும்தான்.” அவர் சிரித்தார். கொஞ்ச நாளில் சுவரில் ஒரு போர்டு ஏறியது. புகைபிடிக்கும் நோயாளி வெளியேற்றப்படுவார், ஊழியர் வேலைநீக்கம் செய்யப்படுவார் என்றிருந்தது. டாக்டர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முதலில் கையில் பீடியோடு மாட்டியது வார்டு பெருக்குகிற கன்னியப்பன். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போய்விடும். பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவார்? வராந்தாவில் உங்களை நிறுத்தி, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “நீங்க கேட்டு வாங்கின ரூலுதானேண்ணே. இப்ப நல்லா கீதா?”

நீங்கள் நேராக டாக்டர் அறைக்குப் போனீர்கள். நான் வாசலில் நின்றேன்.

“நான் எல்லாருக்கும்னு கேட்டேன் சார்.”

“எல்லாருக்கும்னா ஆஸ்பத்திரி நடத்த முடியாதுப்பா.”

பிறகு உங்கள் குரல் கேட்டது. “அந்தப் பீடி என்னுது சார். அவன் கையில குடுத்துட்டு உள்ள போனேன்.”

பொய் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கன்னியப்பனுக்குத் துடைப்பம் திரும்பக் கிடைத்தது. உங்களை வேலையை விட்டு எடுக்காமல், சுரங்கத்துக்குள் இருந்த முதலுதவி அறைக்கு மாற்றினார்கள்.

“இன்னாத்துக்குண்ணே இப்டிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“ரூலு நல்ல ரூலுதான் சிஸ்டர். தப்பான ஆளு மாட்டிகினான்.”

அதன் பிறகு வருஷக்கணக்கில் சுரங்க ஆட்களோடு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, அவர்கள் இழுத்த அதே காற்றை இழுத்தீர்கள். எழுபதுகளில் நம் வார்டுக்கே நோயாளியாக வந்தீர்கள். பழைய பீடியா, பாறைத் தூசியா, யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கன்னியப்பன் உங்கள் கட்டிலுக்கு அடியில் பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்குவார்.

நீங்கள் போவதற்கு முந்தின நாள் காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். தலை நரைத்திருந்தது, கையில் சிகரெட் இருந்தது. நான் அப்போது அந்த வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ். உங்கள் கால்மாட்டில் நின்றுகொண்டு சொன்னேன்: “சார், வெளிய அணைச்சுட்டு வாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்தார். வராந்தாவுக்குப் போய்க் காலால் மிதித்து அணைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து உங்கள் நாடியைப் பிடித்தார்.

உங்கள் கண் மூடியிருந்தது. காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. விழித்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் சரியாக விழிக்கவே இல்லை.

அடுத்த வாரமே அவர் மறுபடி புகையோடு வந்தார். மறுபடி சொன்னேன். அவர் ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். போர்டில் கடைசிவரை டாக்டர் என்ற சொல் ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்குமுன் எனக்குப் பயமாக இருக்கும். இந்த வயதிலும், பெரிய மனிதர் யாரிடமாவது சொல்ல வேண்டியது ஒன்று இருந்தால், அதே பயம்தான் வருகிறது. கொஞ்சம் நின்று, சொல்லிவிடுகிறேன் அண்ணே.