சிவப்புக் கோட்டு

பார்மா, ஒஹாயோ
நவம்பர் 17

அன்புள்ள நடீனுக்கு,

இர்மா எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருக்கிறாய் என்றால் அதற்கே நன்றி. நலமாக இருக்கிறாயா? டூசானில் நவம்பரிலும் வெயில் அடிக்குமாமே. இங்கே முதல் பனி விழுந்தாயிற்று. பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விட்டு ஏழு வருடமாகியும் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. ஒரு முழங்காலை மாற்றிவிட்டார்கள். மற்றது தன் முறைக்காகக் காத்திருக்கிறது.

உன் பேத்தி டெல்ஃபினைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக என் தம்பி எமிலின் வீட்டில்தான் இருக்கிறாள். தாத்தாவைப் பார்க்க வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். காரணம் நம்முடைய மீட்டர் ரீடர்ஸ். சிரிக்காதே! ஐம்பது பேர் சேர்ந்தாற்போல் கேட்டிராத குழு, ஒரு இசைத்தட்டுகூடப் போடாமல் கலைந்துபோன குழு, இன்றைக்குச் சிகாகோவிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் இருபது வயதுப் பிள்ளைகளை இழுத்து வருகிறது. எல்லாம் கடைசிக் கச்சேரியின் கடைசிப் பாட்டைப் பதிந்த அந்தக் கேசட்டின் வேலை.

குழுவில் மெஷின் வாசித்த ஓடிஸ் வசந்த காலத்தில் போய்ச் சேர்ந்தான். அந்த மெஷினை எமிலுக்கு எழுதி வைத்திருந்தான். பழைய தேவாலய ஆர்கனின் வயிற்றைக் கிழித்து, ரேடியோ தொழிற்சாலைக் கழிவையெல்லாம் திணித்திருப்பானே, அதேதான். இப்போது எமிலின் நிலவறையில் கேஸ் பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கிறது. சனிக்கிழமை மதியங்களில் கூடுகிறோம். எங்களுக்கெல்லாம் எட்டு மணிக்கு மாத்திரை, ஒன்பது மணிக்குத் தூக்கம், வேறு எப்போது கூடுவது? அடிநாதம் வெளியே கசியக்கூடாது என்று எமில் ஜன்னல்களைக் கம்பளம் வைத்து அடைத்துவிட்டான். விஷவாயு அலாரம் நடுநடுவே கீச்சென்று கத்தியது. சுதி சேரவில்லை என்று அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டான். அவன் நாய் மட்டும் படி இறங்க மறுக்கிறது. ரசனை கெட்ட நாய்.

பழைய வழக்கங்கள் அப்படியே இருக்கின்றன. ஒருவரை ஒருவர் பார்த்தால் "போய்த் தொலை" என்கிறோம். "நீ முதல்ல" என்பது பதில். நம் பாடகன் விக் கடைசிப் பாட்டில் எங்களைப் பார்த்து "வெளிய போங்க, போய்த் தொலைங்க" என்று கத்துவதும், கத்தக் கத்த நாங்கள் நகராமல் நிற்பதும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசிக் கச்சேரியில் பதினோரு நிமிடம் கத்தினான், கையை நீட்டிப் பின்சுவரைக் காட்டியபடி. அந்த நீட்டிய கையைத்தான் டெல்ஃபின் தோளில் பச்சை குத்தியிருக்கிறாள்.

தலைவலிகூடத் திரும்பி வந்துவிட்டது, நடீன்! 1976-இல் அந்தக் கடைசிக் கச்சேரிக்குப் பிறகு இரண்டு நாள் மண்டையைப் பிளந்ததே, அச்சு அசல் அதே வலி. "தலைவலி வரலன்னா மெஷின் சரியா ட்யூன் ஆகலன்னு அர்த்தம்" என்கிறான் எமில். எல்லோர் கன்னமும் சிவந்து இருபது வயது குறைந்தாற்போல் இருக்கிறோம்.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. கேசட்டில் நாலாவது நிமிடம் ஒரு பெண் மரப்படி ஏறிப் போகும் சத்தம் கேட்கும். அந்த இடம் வந்தால் எல்லோரும் படிக்கட்டின் பக்கம் திரும்பி ஊளையிடுவோம். பாதியில் கிளம்புகிறவர்களுக்கு எங்களிடையே "சிவப்புக் கோட்டு" என்று பெயர், அந்தப் பெண் அன்று போட்டிருந்த கோட்டை வைத்து. "சிவப்புக் கோட்டு போட்டுடாதடா" என்று பொடியன்கள்கூடக் கேலி செய்கிறார்கள். டெல்ஃபின்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஊளையிடுகிறாள். அது தன் பாட்டியின் செருப்புச் சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. எமிலும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 12 சனிக்கிழமையோடு அந்தக் கச்சேரிக்கு ஐம்பது வயது. பெரிதாகச் செய்யப் போகிறோம். நீயும் வந்தால் பழையதை மறந்துவிடலாம். விக் ஏரியோரத்து முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கிறானாம். அவனையும் நேரில் போய் அழைக்கப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
இர்மா

•

பார்மா
டிசம்பர் 9, புதன்

நடீன்,

நலம் விசாரிக்க நேரமில்லை. உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருந்தாய், இப்போது உன் எண்ணையே மாற்றிவிட்டாய். புது எண்ணை டெல்ஃபின் தரமாட்டேன் என்கிறாள். அதனால் இதை நாளைக்கே கிடைக்கும் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரை படி.

போன வியாழக்கிழமை விக்கைப் பார்த்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய், ஆள் பாதியாகியிருக்கிறான். சனிக்கிழமைகளைப் பற்றி, கன்னம் சிவப்பதைப் பற்றி, தலைவலியைப் பற்றி எல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "பாய்லர் தீ என்ன நிறம்?" மஞ்சள், பார்க்க அழகாக இருக்கும் என்றேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தான். இன்னொரு கையை வாசல் பக்கம் நீட்டி, "போ. இப்பவே போய் அவங்கள வெளிய இழுத்துட்டு வா. போ!" என்று கத்தினான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "நீ முதல்ல" என்றேன்.

அவன் அழுதான், நடீன். அப்புறம்தான் சொன்னான். பகலில் அவன் வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் பார்த்தவன்தானே. குழுவின் பெயரே அதனால் வந்ததுதான். அன்றைக்கு மேடையில் நின்றவனுக்கு நம் முதுகுக்குப் பின்னாலிருந்த ஹீட்டர் தெரிந்திருக்கிறது. தீ நீலமாக இல்லை, மஞ்சளாக எரிந்தது. நல்ல காற்றில்லாமல் எரிகிற தீ அது, வாசனையே இல்லாத விஷத்தைக் கக்கும். அவன் உண்மையாகவே போகச் சொன்னான். உண்மையாகவே பின்சுவரைக் காட்டினான். நாங்கள் எல்லோரும் விரலைப் பார்த்தோம். விரல் காட்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்தவள் நீ ஒருத்திதான். "பீர் தீர்ந்துபோச்சு, எல்லாரும் கெளம்பிட்டீங்க, அதனால பொழச்சீங்க" என்றான் விக். அதன்பிறகு அவன் ஏன் ஒருநாளும் பாடவில்லை என்பதற்கு ஐம்பது வருடமாக எத்தனை கதை கட்டினோம்!

அன்றே எமிலிடம் ஓடினேன். நிலவறைப் படியில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் என்ன செய்தான் தெரியுமா, மைக்கை எடுத்து என் பக்கம் நீட்டிப் பதிவு செய்தான். "இன்னொரு தடவ கத்து அக்கா, அந்த 'செத்துப்போவீங்க' ரொம்ப நல்லா விழுந்துச்சு" என்றான். அவனுக்கு அறுபத்தேழு வயது. அறைந்திருக்க வேண்டும், அறையவில்லை.

கேஸ் கம்பெனிக்குச் சொன்னேன். சனிக்கிழமை மதியம் மஞ்சள் சட்டை போட்ட ஓர் ஆள் வந்தான். கையிலிருந்த கருவி வாசலிலேயே அலறியது. படியில் நின்று "எல்லாரும் உடனே வெளிய வாங்க" என்று கத்தினான். கீழே இருந்த பதினாலு பேரும் கையை நீட்டி, "நீ முதல்ல!" என்று கைதட்டினார்கள். மீட்டர் பார்க்கிறவனே வந்து கத்துகிறான், கேட்க வேண்டுமா? ஒரு பெண் கையெழுத்துக் கேட்டாள். அவன் வெளியே போய்க் குழாயை மூடிப் பூட்டி, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்ட பிறகு, குளிரில் வேறு வழியில்லாமல்தான் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். டெல்ஃபின் பனியில் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். அப்போதும் அவள் முகத்தில் சிரிப்பு. "எவ்வளவு குடுத்தக்கா அந்த ஆளுக்கு? நல்லா நடிச்சான்" என்று எமில் என் காதில் சொன்னான். அந்த ஆள் பாய்லரில் கட்டிவிட்டுப் போன சிவப்பு எச்சரிக்கை அட்டை இப்போது மெஷினில் மாலைபோல் தொங்குகிறது.

கேஸ் இல்லையே, இனிப் பயமில்லை என்று நினைக்காதே. எமில் இரண்டு கெரசின் ஹீட்டர் வாங்கி வந்துவிட்டான். கம்பளங்களைத் திரும்ப அடைத்துவிட்டான். பீர் தீர்ந்து கச்சேரி கெடக்கூடாது என்று எட்டுப் பெட்டி வாங்கி அடுக்கியிருக்கிறான். நாற்பது பேர் வருகிறார்கள். போலீஸில் கேட்டேன், வீட்டுக்குள் பாட்டுக் கேட்பது குற்றமில்லையாம். சனிக்கிழமை தீயணைப்புக்காரர்களையும் கூப்பிடத்தான் போகிறேன். ஆனால் வண்டி சங்கு ஊதிக்கொண்டு வந்தால் அதற்கும் கைதட்டுவார்கள்.

டெல்ஃபினிடம் உண்மையைச் சொன்னேன். அந்தச் சிவப்புக் கோட்டு உன் பாட்டிதான் என்றேன். அவள் நம்பவில்லை. "எங்க பாட்டி எதுக்கும் பயந்து ஓடுற ஆளில்ல" என்றாள். அந்தப் பிள்ளை உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அதனால்தான் உன் காலில் விழுகிறேன்.

ஐம்பது வருடம் உன்னைக் கோழை என்றேன். உனக்கும் எமிலுக்கும் இடையில் விழுந்த விரிசலில் என் நாக்குக்கும் பங்கு உண்டு. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அதை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

அந்த வியாழக்கிழமை நான் கிளம்பும்போது விக் சொன்னான்: "போ போன்னு கத்தியே அந்தச் சொல்லக் கெடுத்துட்டேன் இர்மா. இனிமே அதுக்கு ஒருத்தனும் நகரமாட்டான்." வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். உண்மைதான். இத்தனை வருடத்தில் எங்களில் யாரும் யாரையும் "வா" என்று கூப்பிட்டதே இல்லை.

அந்தக் கோட்டு இன்னும் இருக்கிறதா? இல்லாவிட்டால் எங்கேயாவது ஒன்று வாங்கிப் போட்டுக்கொள். வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏறு. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கேசட் ஓடத் தொடங்கும். பின்கதவைத் திறந்து வைத்திருப்பேன். நாலாவது நிமிடம், உன் செருப்புச் சத்தம் வரும்போது, மேல்படியில் வந்து நில். ஊளையிடுவதற்காக எல்லோரும் திரும்புவார்கள். முழுக் கச்சேரியிலும் அவர்கள் திரும்பிப் பார்ப்பது அந்த ஒரு தடவைதான். அப்போது போங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. டெல்ஃபினைப் பெயர் சொல்லி, வா என்று கூப்பிடு. அவள் ஏறிவிட்டால் பிள்ளைகள் பின்னாலேயே வருவார்கள். எமிலையும் கூப்பிடு. உன் குரலுக்கு அவன் எந்தக் காலத்திலும் எழுந்து வந்திருக்கிறான்.

நான் கீழேதான் இருப்பேன், டெல்ஃபின் பக்கத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. மயங்கி விழுந்தால் தூக்க யாராவது வேண்டுமே. ஒரு முழங்காலை வைத்துக்கொண்டு எத்தனை படி இழுக்க முடியும் என்று தெரியவில்லை. இப்போதே தலை வலிக்கிறது.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். எல்லோரையும் கூப்பிட்டு முடித்ததும், மனமிருந்தால், என்னையும் ஒருதரம் கூப்பிடு.

இர்மா