இருவருக்கும் மூன்று

செவ்வாய்த் தளம். நாள் 212, 07:10
பதிபவர் சண்முகவடிவு, நீராய்வாளர். கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். காற்றழுத்தம் சரி. வெளிக்கதவின் வெளிப்பக்க விசை இன்னும் பழுது. உள்ளிருந்துதான் திறக்க வேண்டும். சரக்குக் கப்பல் தாமதம். தளத்தில் என்னோடு இருக்கும் ஒரே ஆளான அருள்ராஜ், வெளியே போன இடத்தில் ஊர்தியோடு புழுதிப் புயலில் மாட்டிக்கொண்டான். அவனிடம் தண்ணீர் இருக்கிறது, சாப்பாடு இல்லை. இங்கே என் பங்கு முந்தாநாளே தீர்ந்தது. அவன் பங்கு ஒரு பொட்டலம் சத்துமாவு. தட்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

எனக்குச் சர்க்கரை வியாதி, இடுப்பில் இன்சுலின் பம்ப். இரத்தச் சர்க்கரை 118. உடம்பு கொழுப்பை எரிக்கும்போது இரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோன் 1.2. 0.6-க்குள் இருக்க வேண்டும். பட்டினிதானே, வேறென்ன.

நாள் 213, 09:40
சர்க்கரை 126. கீட்டோன் 3.0. ஒரே அலுப்பு, வடிகட்டி மாற்றக்கூடக் கை எழவில்லை. எனக்காக ஊர்தியிலும் ஒரு கீட்டோன் மீட்டர் உண்டு. அவன் பொழுது போகாமல் தன் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு ரேடியோவில் சொன்னான்:

"எக்கா, எனக்கும் மூணுதான். ரெண்டு பேரும் சமம் பாத்தியளா! பசிதான், வேற ஒண்ணுமில்ல. என் பங்கத் தின்னுட்டியன்னா வந்து சண்ட போடுவேன்."

சிரித்தேன். நிம்மதியாகவும் இருந்தது.

நாள் 213, 14:05
பூமியிலிருந்து டாக்டர் ஹசீனா: "வடிவு, உங்க மூணும் அவர் மூணும் ஒண்ணில்ல. அவர் உடம்புல இன்சுலின் ஊறுது, ஒரு அளவுக்கு மேல ஏற விடாது. நீங்க சாப்பிடாததால சர்க்கரை ஏறல. அதைப் பாத்து பம்ப் இன்சுலினைக் குறைச்சிடுச்சு. இன்சுலின் இல்லாம ரத்தம் அமிலமாகிட்டு இருக்கு. அந்த மாவை இப்பவே குடிங்க, கூடவே இன்சுலின் போடுங்க. அவர் ஒரு வாரம் தாங்குவார். நீங்க தாங்க மாட்டீங்க."

புரிகிறது. தட்டை எடுத்தேன். மறுபடி மூடினேன். வெளியே போனவன் பங்கில் கை வைக்க மனசு வரவில்லை. காலையில் பார்க்கலாம்.

நாள் 214, 06:30
கீட்டோன் 4.7. உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்குகிறது. வாயில் அழுகிய பழ வாசனை. டாக்டர் மூன்று முறை கத்திவிட்டார். அவனும்தான்: "எக்கா, நான் வெளாட்டுக்குச் சொன்னேன். தின்னுங்கக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நாள் 214, 08:15
கரைத்தேன். குடித்தேன். இன்சுலினை எடுப்பதற்குள் எல்லாம் வாந்தி. இப்போது இரண்டு பேருக்கும் மாவு இல்லை. வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டால் சர்க்கரை விழுந்து அதுவே கொன்றுவிடும். நேற்றே குடித்திருக்கலாம், பாவி நான்.

நாள் 214, குரல் பதிவு
6.1. எழுத முடியவில்லை. எண் இரண்டாகத் தெரிகிறது.

"எக்கா! புயல் விட்டுட்டு. வாசல்லதான் நிக்கேன். கதவத் தொறங்க. காத்து முக்கா மணி நேரத்துக்குத்தான் கெடக்கு. எக்கா?"

கதவு. இதை நான் நினைக்கவே இல்லை. மாவைத்தான் பத்திரமா... உள்விசை அறையின் அந்தக் கோடியில். கால் வரவில்லை. தவழ்ந்து... இரு அருள். வரேன். இருடா.

தட்டுகிறான்.

எழுந்திரு வடிவு. எழுந்திரு

நாள் 214, கணினிப் பதிவு
பேச்சு இல்லை. கதவு தட்டும் ஓசை.
பேச்சு இல்லை. கதவு தட்டும் ஓசை.
பேச்சு இல்லை.
வெளிக்கதவு திறக்கப்படவில்லை. ஓசை இல்லை.